63 கோல், 5 சீசன், 4 டீம்: ஓக்பெச்சே பற்றிச் சில குறிப்புகள்

2018 அக்டோபர் 18, வியாழக்கிழமை. ஆயுத பூஜை. வீட்டில் பைக், லேப்டாப், தையல் மெஷின் எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம் வெச்சாச்சு. அப்போ ஒன்பது வயசான என் பையன் தன்னோட ஃபுட்பாலையும் கொண்டுவந்து அந்த வரிசையில் வெச்சான். அதுக்கும் ஒரு பொட்டு. சாயங்காலம் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தோம். சென்னையின் எஃப்.சி.க்கும் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டுக்கும் ஐ.எஸ்.எல். ஆட்டம்.

சென்னை அப்போ நடப்புச் சாம்பியன். அந்த வருஷம் மார்ச்சில்தான் பெங்களூருவை அவங்க ஊரிலேயே 3-2 என்று ஜெயித்துக் கோப்பையோட வந்திருந்தாங்க. புது சீசனில் முதல் ரெண்டு ஆட்டமும் தோல்விதான், ஆனா இன்னிக்கு எழுந்துடுவாங்கன்னு எல்லாரும் நம்பினோம். நம்பினதுக்கு ஏத்த மாதிரியே நாலாவது நிமிஷத்தில் எதிரணி ஆள் ஒருவர் பந்தைத் தன் வலைக்குள்ளேயே தள்ளினார். பதினஞ்சாவது நிமிஷம் தோய் சிங் ஒண்ணு. 2-0. பக்கத்து சீட்டுக்காரர் என் பையனுக்கு முறுக்கு கொடுத்தார்.

அப்புறம்தான் அவர் வந்தார். வந்தார் என்று சொல்லக்கூடாது, அங்கேயேதான் இருந்தார். நாங்க யாரும் கவனிக்கலை. 29, 37, 39. பத்து நிமிஷத்தில் மூணு கோல். நடுவில் தோய் சிங் இன்னொண்ணு போட்டதால் இடைவேளையில் 3-3. ரெண்டாவது பாதியில், முன்னாடி சொந்த வலையில் போட்ட அதே ரௌலின் போர்ஜஸ் இந்தத் தடவை சரியான வலையில் போட்டார். 3-4. சாம்பியன் அணி அந்த சீசனைக் கடைசி இடத்தில் முடிச்சது தனிக்கதை.

திரும்பி வரும்போது ரயிலில் பையன் கேட்டான்: "ஏம்ப்பா, அந்த ஒன்பதாம் நம்பர் ஆளு ஓடவே இல்ல, சும்மா நின்னுக்கிட்டே இருந்தாரு, எப்படிப்பா மூணு கோல் போட்டாரு?"

ஒன்பதாம் நம்பர் என்று அவன் சொன்னது சென்டர் ஃபார்வர்டை. முதுகில் என்ன எண் இருந்தாலும் அந்த இடத்துக்கு அவன் அகராதியில் அதுதான் பேர். அன்னிக்கு என்கிட்ட பதில் இல்லை. "வயசான ஆளு, ஓட முடியாதுடா" என்று ஏதோ சொல்லி சமாளிச்சேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடி அப்பப்போ எழுதி வெச்ச குறிப்புகள்தான் இந்தப் பதிவு. நான் ஃபுட்பால் நிபுணர் இல்லை. சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற ஒரு பி.இ. ஆசாமி. தப்பு இருந்தால் சொல்லுங்க, திருத்திக்கிறேன்.

பதினேழு வயசில் உலகக் கோப்பை

பார்த்தலோமியூ ஓக்பெச்சே 1984 அக்டோபர் 1 அன்று நைஜீரியாவில் ஓகோஜா என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே பாரிஸ் சென் ஜெர்மெய்ன் கிளப்பின் இளைஞர் பிரிவுக்குப் போனார். 2001-02 சீசனிலேயே பெரிய அணியில் ஆட வாய்ப்பு. அப்போ அந்த அணியில் யார் யார் இருந்தாங்கன்னு பாருங்க: ரொனால்டினியோ, ஜே ஜே ஒகோச்சா, பின்னாளில் பெரிய பயிற்சியாளர்களான பொச்செட்டினோ, அர்டெட்டா.

2002 உலகக் கோப்பையில் நைஜீரியா அணியில் அவருக்கு இடம். வயசு 17. அர்ஜென்டினா, சுவீடன், இங்கிலாந்து எல்லாம் இருந்த குரூப். அர்ஜென்டினாவோட 0-1, சுவீடனோட 1-2, இங்கிலாந்தோட 0-0. நைஜீரியா முதல் சுற்றிலேயே வெளியே. ஓக்பெச்சே அதில் முதல் ரெண்டு ஆட்டத்திலும் ஆடினார். அந்த வயசில் நம்ம வீட்டுப் பசங்க பிளஸ் டூ பொதுத் தேர்வுக்கு டியூஷன் போய்க்கிட்டு இருப்பாங்க.

இங்கே ஒருத்தர் கதையை நிறுத்தினால், அடுத்த பதினைந்து வருஷம் பெரிய பெரிய கிளப்புகள், பெரிய பெரிய கோப்பைகள் என்று நீங்க ஊகிப்பீங்க. அப்படி நடக்கலை. பாரிஸ் கிளப் அவரை முதலில் பாஸ்டியாவுக்கும் பிறகு மெட்ஸுக்கும் கடனாக அனுப்பியது. 2005இல் ஐக்கிய அரபு எமிரேட்ஸில் அல் ஜசீரா. பிறகு ஸ்பெயினில் அலாவேஸ், வல்லடோலிட், காடிஸ். பிறகு கிரீஸில் கவாலா. அந்த கிளப் 2011இல் மேட்ச் ஃபிக்ஸிங் விவகாரத்தில் தண்டிக்கப்பட்டு முதல் டிவிஷனிலிருந்து தள்ளப்பட்டது. பிறகு இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ, மறுபடி ஸ்பெயினில் ஹெரெஸ், அப்புறம் நெதர்லாந்தில் கேம்பூர், வில்லெம் டூ.

இதுக்கப்புறம்தான் இந்தியா. 2018இல் நார்த்ஈஸ்ட் யுனைடெட், 2019இல் கேரளா பிளாஸ்டர்ஸ், 2020இல் மும்பை சிட்டி, 2021இலிருந்து ரெண்டு சீசன் ஹைதராபாத். கூட்டிப் பார்த்தால் ஏழு நாடு, பதினாறு கிளப்.

நம்ம ஊர் பாஷையில் சொன்னால், கேம்பஸில் பெரிய கம்பெனியில் சேர்ந்து, பிறகு வாழ்க்கை முழுக்க கான்ட்ராக்டில் போன ஆள். நான் பார்த்த ரெஸ்யூம்களில் இப்படி ஒண்ணு வந்திருந்தால் "ஏன் சார் எங்கேயும் நிலைக்கலை?" என்றுதான் முதல் கேள்வி கேட்டிருப்பேன். அந்தக் கேள்வி தப்பு என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆச்சு.

ஃபார்வர்ட் என்கிற வேலை

வெளிநாட்டில் ஆடும் ஆப்பிரிக்க ஃபார்வர்டின் வாழ்க்கையைப் புரிஞ்சிக்கணும்னா ரெண்டு விஷயம் தெரியணும். முதலாவது, ஒப்பந்தம். ஃபிஃபா விதிப்படி ஒரு தொழில்முறை ஆட்டக்காரரின் ஒப்பந்தம் குறைந்தது அந்த சீசன் முடியும் வரை, அதிகபட்சம் ஐந்து வருஷம். ஒப்பந்தம் முடிஞ்சா அவர் சுதந்திரம், எந்த கிளப்பும் மாற்றுத் தொகை இல்லாமல் எடுத்துக்கலாம். இளம் ஆட்டக்காரரை கிளப் நாலைந்து வருஷத்துக்குப் பிடிச்சு வைக்கும், நாளைக்கு விற்கலாம் என்ற கணக்கில். முப்பது தாண்டியவரை விற்க முடியாது. அதனால் அவருக்கு ஒரு வருஷம், போனால் ரெண்டு வருஷம். கோல் போட்டால் தொடரும், போடலைன்னா அடுத்த ஆள்.

இரண்டாவது, இடம். கோல்கீப்பரோ டிஃபென்டரோ சுமாராக ஆடினாலும் அணி ஜெயிச்சால் அது மறைஞ்சிடும். ஃபார்வர்டுக்கு அந்த வசதி இல்லை. அவர் வேலைக்கு ஒரே ஒரு எண், பேப்பரில் அச்சாகிற எண். எங்க வேலையில் யாராவது தினமும் எழுதின கோடின் வரிகளை மட்டும் வெச்சு அப்ரைசல் பண்ணினால் பாதி பேர் வீட்டுக்குப் போயிடுவோம்.

இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால் பதினாறு கிளப் என்பது தோல்விப் பட்டியலாத் தெரியாது. பதினாறு தடவை யாரோ ஒருவர் இந்த ஆளை நம்பி ஒரு சீட் கொடுத்திருக்காங்க என்று தெரியும். இருபது வருஷத்துக்கும் மேல ஒருத்தர் அந்த வேலையிலேயே நீடிச்சிருக்கார்.

சரி, ஓடாமல் எப்படி கோல்? பதினேழு வயசு ஃபார்வர்டுக்கு முதலீடு வேகம். முப்பத்து நாலு வயசில் அது இருக்காது. மிச்சம் இருப்பது எங்கே நிற்கணும் என்ற கணக்கு. பழைய ஆட்டங்களின் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்குப் புரிஞ்சது இது. டிஃபென்டர் ஒரே நேரத்தில் ரெண்டு விஷயத்தைப் பார்க்கணும்: பந்து, தன்னோட ஆள். பந்து ஓரத்துக்குப் போகும்போது அவர் தலை அந்தப் பக்கம் திரும்பும். சரியா அந்த நொடியில் ஓக்பெச்சே அவர் முதுகுப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத பக்கம், ரெண்டடி நகர்ந்திருப்பார். ஓட்டம் இல்லை, நடைதான். பந்து உள்ளே வரும்போது டிஃபென்டர் தேடுவார், ஆள் இருந்த இடத்தில் இல்லை. அப்புறம் ஒரே தொடல். ரெண்டாவது தொடலுக்கு வேலை இல்லை.

இது காரில் பிளைண்ட் ஸ்பாட் மாதிரி. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியாத இடத்தில் ஸ்கூட்டர் வரும் பாருங்க, அந்த இடத்தில் தொண்ணூறு நிமிஷமும் குடியிருக்கிற ஆள். என் பையன் பார்த்தது சரிதான். அவர் ஓடலை. ஓடாததுதான் வேலை.

ஐந்து சீசன்

இந்தியாவில் அவர் முதல் ஆட்டம் 2018 அக்டோபர் 1, குவாஹாட்டியில் கோவாவுக்கு எதிராக. அன்னிக்கு அவருக்கு 34வது பிறந்தநாள். அந்த ஆட்டத்திலேயே ஒரு கோல். பதினேழு நாள் கழிச்சுதான் நாங்க சென்னையில் அனுபவிச்ச அந்த ஹாட்ரிக். அந்த சீசனில் 12 கோல், நார்த்ஈஸ்ட் முதல் தடவையாக பிளே ஆஃப் போனது.

அடுத்த வருஷம் பயிற்சியாளர் எல்கோ ஷட்டோரி கேரளாவுக்கு மாறினார், ஓக்பெச்சேவும் கூடவே போனார். நம்ம பக்கம் மேனேஜர் கம்பெனி மாறினால் டீமில் நல்ல ரெண்டு பேரை இழுத்துக்கிட்டுப் போவாரே, அதே கதை. கேரளாவின் கேப்டனாக 15 கோல். 2020 பிப்ரவரி 1 அன்று கொச்சியில் சென்னைக்கு எதிராக மறுபடி ஒரு ஹாட்ரிக். ஆனா அந்த ஆட்டத்தை சென்னை 6-3 என்று ஜெயிச்சது. மூணு கோல் போட்டும் மூணு கோலில் தோற்கிற நிலைமை ஃபார்வர்டுக்கு மட்டுமே வரும். அந்த சீசனில் 15 கோலோட மூணு பேர் சமமா நின்னாங்க: அவர், ராய் கிருஷ்ணா, சென்னையின் வால்ஸ்கிஸ். தங்க ஷூ வால்ஸ்கிஸுக்குப் போனது.

2020-21, கொரோனா வருஷம், எல்லா ஆட்டமும் கோவாவில் காலி மைதானத்தில். மும்பைக்காக 8 கோல்தான். ஆனா இறுதி ஆட்டத்தில், 90வது நிமிஷத்தில், வெளியே வந்த எதிரணி கோல்கீப்பரிடமிருந்து பந்தைப் பறிச்சு, தானே அடிக்காமல் பிபின் சிங்குக்குத் தள்ளினார். 2-1, கோப்பை மும்பைக்கு. அடுத்த சீசன் ஹைதராபாத்துக்காக 18 கோல், தங்க ஷூ, மறுபடி கோப்பை. 37 வயசு. கோரோமினாஸ் வெச்சிருந்த 48 கோல் என்ற லீக் சாதனையையும் அந்த சீசனில்தான் தாண்டினார். கடைசி சீசனில் 10.

12, 15, 8, 18, 10. மொத்தம் 63.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஐ.எஸ்.எல். அப்போ சின்ன லீக். 2018-19இல் ஒரு அணிக்கு 18 லீக் ஆட்டம்தான். நெதர்லாந்து லீக்கில் 34. முப்பத்தஞ்சு வயசு உடம்புக்கு இந்தக் குட்டி சீசன் தோதானது. அந்த வயசு ஆள் அணிக்கும் தோதானவர். பயிற்சியாளருக்கு அணியைப் பொறுமையாக் கட்ட நேரம் கிடையாது, வந்த அன்னிக்கே கோல் போடும் ஆள் வேணும். ரெண்டு பக்கமும் சரியாப் பொருந்தின சந்தை.

நம்ம சீட்டு எங்கே?

இப்போ அந்தச் சந்தையின் மறுபக்கம். இது எனக்குப் பொதுப் பிரச்சனை மட்டும் இல்லை, வீட்டுப் பிரச்சனையும்.

ஐ.எஸ்.எல். 2014இல் ஆரம்பிச்சபோது களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். 2017இல் ஐந்தாகக் குறைத்தாங்க, 2021இல் நாலாக. கிளப் இந்த நாலு சீட்டை எங்கே செலவு பண்ணும்? முதுகெலும்பில்தான். நடு டிஃபென்ஸ், நடுக்களம், சென்டர் ஃபார்வர்ட். ஓரத்தில் ஓடுறதுக்கு இந்தியப் பசங்க போதும். இதனால் நடக்கிறது என்னன்னா, கோல் போடத் தெரிஞ்ச இந்தியப் பையன் விங்கில் ஓட ஆரம்பிப்பான். சுனில் சேத்ரியே பெங்களூருவில் மிக்கு இருந்த காலத்தில் இடது ஓரத்தில்தான் பெரும்பாலும் ஆடினார்.

ஐ.எஸ்.எல்.லுக்கு முன்னாடியும் இதுதான். தேசிய லீக்கில் 1997-98இல் அதிக கோல் போட்டவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர் ராமன் விஜயன், எஃப்.சி. கொச்சினுக்காக. அப்புறம் 2004-05இலிருந்து 2012-13 வரை ஒன்பது சீசன் தொடர்ச்சியா அதிக கோல் போட்டவர் நைஜீரியாக்காரர்: டுடு, ரான்டி மார்ட்டின்ஸ், ஒடாஃபா, இந்த மூணு பேரே மாத்தி மாத்தி. ரான்டி 2011-12இல் ஒரே சீசனில் 32 கோல். டுடு 2016இல் சென்னையின் எஃப்.சி.க்கும் ஆடினார், நேரு ஸ்டேடியத்தில் அவரும் ஒரு ஹாட்ரிக் போட்டார்.

இதன் விளைவு என்ன? சேத்ரி 2024 ஜூனில் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஒன்பது மாசம் கழிச்சு, 40 வயசில், அவரையே திரும்பக் கூப்பிட வேண்டியதாச்சு. வேற ஆள் இல்லை.

என் பையனுக்கு இப்போ பதினாறு. கிழக்குத் தாம்பரம் பக்கம் ஒரு சின்ன கிளப்பில் ஆடறான், வாரக் கடைசியில் செவன்ஸ் டோர்னமென்ட் போவாங்க. சின்ன வயசிலேர்ந்து ஃபார்வர்ட். போன வருஷம் கோச் அவனை வலது ஓரத்துக்கு மாத்திட்டார். காரணம், பக்கத்துக் கல்லூரி ஒண்ணில் படிக்க வந்த ஒரு ருவாண்டா நாட்டு மாணவர். அவர் முன்னாடி நின்னால் கோல் உறுதி, பரிசுப் பணம் உறுதி. பையன் மூணு நாள் சரியாப் பேசலை. எனக்கும் கோபம். "நம்ம பசங்க கிளப், வெளியாளைக் கூட்டிட்டு வந்து ஜெயிச்சு என்ன ஆகப்போகுது?" என்று கோச்கிட்டயே கேட்டேன். அவர் "சார், டோர்னமென்ட் ஜெயிச்சாத்தான் கிரவுண்ட் வாடகை கட்ட முடியும்" என்றார். அதுக்கும் என்கிட்ட பதில் இல்லை.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த மாணவரை கிரவுண்டில் எல்லாரும் "நைஜீரியா" என்றுதான் கூப்பிடுவாங்க. ருவாண்டாவுக்கும் நைஜீரியாவுக்கும் உள்ள தூரம் சென்னைக்கும் காபூலுக்கும் உள்ள மாதிரி. மலப்புறம் செவன்ஸில் எந்த ஆப்பிரிக்கர் வந்தாலும் "சூடானி"தான். அதை வெச்சு 2018இல் 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' என்று மலையாளத்தில் படமே வந்தது. நாம கொஞ்சம் மாத்திக் கூப்பிடறோம், அவ்வளவுதான் வித்தியாசம். நானும் அப்படித்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.

மாணவர்களாக வந்தவர்கள்

கோபத்தில்தான் பழைய வரலாற்றைத் தோண்டினேன். இந்திய ஃபுட்பாலுக்கு வெளிநாட்டு ஃபார்வர்டுகள் பெரிய அளவில் வந்த வழியே படிப்பு வழிதான் என்று தெரிஞ்சபோது சிரிப்பு வந்தது.

1980இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்த மஜீத் பிஷ்கர், ஜம்ஷித் நசிரி ரெண்டு பேரும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படிச்ச ஈரானியர்கள். நைஜீரியாவின் சீமா ஒகோரி படிக்க வந்த ஊர் விசாகப்பட்டினம். எண்பதுகளின் நடுவில் கொல்கத்தா போய் முகமதன் ஸ்போர்ட்டிங், பிறகு ஈஸ்ட் பெங்கால். வெளிநாட்டவரையே எடுப்பதில்லை என்று இருந்த மோகன் பகான் 1991இல் அந்த வழக்கத்தை உடைச்சது சீமாவுக்காகத்தான். அவரோட காலத்தில் கொல்கத்தாவில் ஆடிய எமேகா எசூகோ 1994 உலகக் கோப்பையில் நைஜீரியா அணியில் இருந்தார். ஆக, கொல்கத்தா அவங்களுக்குக் கடைசி ஸ்டேஷன் இல்லை. அங்கேர்ந்து மேலே போனாங்க. ஓக்பெச்சேவின் பாதை அப்படியே தலைகீழ்: உலகக் கோப்பையில் ஆரம்பிச்சு குவாஹாட்டிக்கு.

ஜம்ஷித் கொல்கத்தாவிலேயே தங்கிட்டார். அவர் மகன் கியான் நசிரி கொல்கத்தாவில் பிறந்த இந்தியர், ஃபார்வர்ட். 2022 ஜனவரியில் மோகன் பகானுக்காக கொல்கத்தா டெர்பியில் ஹாட்ரிக் போட்டார், அதுவும் அப்பா ஆடின ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக. 2024இல் நம்ம சென்னையின் எஃப்.சி.க்கே ஆட வந்தார்.

இதைப் படிச்சதும், ஆஹா, விடை கிடைச்சாச்சு என்று நினைச்சேன். தங்கியவங்க ஏதோ விட்டுட்டுப் போனாங்க, ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வந்தவங்க விட்டுட்டுப் போகலை, பிரச்சனை நாள் கணக்குதான் என்று. ஆனா ரான்டி மார்ட்டின்ஸ் இந்த விடையைக் கெடுத்துட்டார். அவர் கோவாவின் டெம்போவில் 2004இலிருந்து 2012 வரை எட்டு வருஷம் இருந்தார். டெம்போ ஐந்து தடவை தேசியப் பட்டம் ஜெயிச்சது. எட்டு வருஷம் தங்கியும் அவர் பக்கத்தில் நின்னு அந்தக் கலையைக் கத்துக்கிட்டு அவர் இடத்துக்கு வந்த இந்திய சென்டர் ஃபார்வர்ட் என்று சொல்ல ஒருத்தர் இல்லை. ஏன்? அவர் இருந்த சீட்டில் வேற யாரும் உட்காரத் தேவையே இல்லாமல் அவர் கோல் போட்டுக்கிட்டே இருந்தார். கியான் விஷயத்திலும் கிளப் எதுவும் திட்டம் போடலை. ஒரு குடும்பம் அமைஞ்சது, ஒரு அப்பா சொல்லிக் கொடுத்தார்.

அதனால் நாள் கணக்கு மட்டும் காரணம் இல்லை. எங்க வேலையில் கான்ட்ராக்டர் ஒருத்தர் வந்து கஷ்டமான மாட்யூலை எழுதிக் கொடுத்துட்டுப் போவார். போகும்போது கே.டி. என்று ஒண்ணு உண்டு, நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், எங்க ஆள் ஒருத்தரை ரெண்டு வாரம் அவர் பக்கத்தில் உட்கார வைப்போம். எழுதலைன்னா அவர் போன மறுநாள் சிஸ்டம் விழும், நாங்க அவரைத் திட்டுவோம். தப்பு அவர் மேல் இல்லை, நாங்க கேட்கலை.

ஓக்பெச்சே கிட்ட நாலு கிளப்பும் கேட்டது கோல். 63 கொடுத்தார். சேத்ரி அந்தச் சாதனையைத் தாண்டினது 2024 செப்டம்பரில், தன்னோட பத்தாவது ஐ.எஸ்.எல். சீசனில். ஓக்பெச்சேவுக்கு ஐந்து சீசன் போதுமாயிருந்தது. கேட்ட சரக்கை அளந்து கொடுத்தார், பில் செட்டில் ஆச்சு. டிஃபென்டர் முதுகுப் பக்கம் எப்போ நகரணும் என்று பத்து இந்தியப் பசங்களுக்குச் சொல்லிக்கொடு என்று கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாரா என்ன? வெளிநாட்டுச் சீட்டைக் குறைச்சால் நம்ம பையனுக்கு இடம் கிடைக்கும், சரிதான். அந்த இடத்தில் நின்னு என்ன பண்ணணும் என்று யார் சொல்லிக்கொடுப்பாங்க?

ஞாயிற்றுக்கிழமை

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயிறு, பையனைக் கூட்டிட்டு வர கிரவுண்டுக்குப் போனேன். பிராக்டிஸ் முடிஞ்சு எல்லாரும் கிளம்பிட்டாங்க. அந்த ருவாண்டா மாணவரும் என் பையனும் மட்டும் பாக்ஸுக்குள்ளே. இன்னொரு பையன் டிஃபென்டர். ஓரத்திலிருந்து ஒருத்தன் பந்தைப் போட்டுக்கிட்டே இருக்கான். மாணவர் என் பையனின் தோளைப் பிடிச்சு டிஃபென்டருக்குப் பின்னாடி நிறுத்தி, பாதித் தமிழ் பாதி இங்கிலீஷில் சொன்னார்: "பந்தைப் பார்க்காத தம்பி. அவன் தலையைப் பாரு. தலை திரும்புது, நீ போ."

கிட்டத்தட்ட இருபது தடவை. பதினஞ்சு தடவை சொதப்பல். மிச்சம் அஞ்சு தடவை டிஃபென்டர் பையன் திரும்பித் தேடினான், ஆளைக் காணோம்.

வண்டியில் வரும்போது பையன் கேட்டான்: "ப்பா, நேரு ஸ்டேடியத்துல நின்னுக்கிட்டே இருந்தாரே, அவரும் இதைத்தான் பண்ணாரா?"

"ஆமாடா" என்றேன். பதில் சொல்ல எனக்கு ஏழு வருஷம் ஆச்சு. அந்த மாணவர் இருபது நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துட்டார்.

பையன் இன்னும் வலது ஓரத்தில்தான் ஆடறான். மாணவருக்கு அடுத்த மே மாசத்தோட படிப்பு முடியுது, ஊருக்குக் கிளம்பிடுவார். கோச்கிட்ட இப்போ நான் வைக்கிற கோரிக்கை ஒண்ணுதான்: அவரை ஆட வைங்க, பரவாயில்லை, வாரத்துக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கவும் வைங்க, அதுக்கு ஆகிற செலவை நாங்க பெற்றோர் நாலு பேர் பார்த்துக்கறோம். பார்க்கலாம் சார் என்றிருக்கார்.

ஒரு சின்ன விஷயம், அதையும் எழுதி வைக்கிறேன். அவரைப் பேர் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டேன். இப்போ கிரவுண்டில் நாலைந்து பேராவது பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க.